தண்ணீர் ஏன் குடிக்கவில்லை என்று கேளுங்கள்

(நம் சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில், செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற சி பிளாக் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்)

முன் வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கும், அவர்களை லிஃப்டில் பத்திரமாக அழைத்து வந்த பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும் நன்றி.

"தண்ணீர் குடிங்கன்னு சொல்ல ஒரு கூட்டமா?" என்று செயலாளர் தலைப்பை வாட்ஸ்அப்பில் போட்டவுடனே ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது இங்கே யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் ஏன் குடிப்பதில்லை என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதற்கு முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் வார்டில் வேலை பார்த்தவள், சொந்த வீட்டில் கோட்டை விட்ட கதை.

என் மாமியாருக்கு அப்போது 81 வயது. முட்டி வலி உண்டு, பி.பி. மாத்திரை உண்டு. மற்றபடி பேப்பர் படிப்பார், சீரியல் கதையை விட்ட இடத்திலிருந்து சொல்வார். கத்திரி வெயில் சமயம். ஒரு நாள் வயிற்றுப்போக்கு, நாலைந்து தடவை. மறுநாள் நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம். பி.பி. மாத்திரையைத் தவறாமல் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் காலையில் என் கணவரைப் பார்த்து, இறந்துபோன அவருடைய மாமா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மதியம் சாப்பாட்டின் முன்னாலேயே தூங்கி விழுந்தார். சாயங்காலம் நன்றாகப் பேசினார். இரவு மறுபடி, "ஊருக்குப் போகணும், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்து நின்றார். நின்ற வேகத்தில் கண் இருட்டி, கட்டிலோரம் விழுந்தார். நல்ல வேளை, மணிக்கட்டோடு போயிற்று.

அந்த இரண்டு நாளில் வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டது என்ன தெரியுமா? "வயசாயிடுச்சு இல்ல, மறதி ஆரம்பிச்சிடுச்சு போல." சொன்னது இவர். தலையாட்டியது நான். மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால் யூரியாவும் கிரியாட்டினினும் ஏறியிருந்தன. உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது என்று சொல்லி, நரம்பு வழியாக மெதுவாக ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அத்தை, "சீரியல்ல என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு கோபமாகவே கேட்டேன். "சொம்பு நிறைய தண்ணி பக்கத்துலயே வெச்சிருந்தேனே அத்தை, ஏன் குடிக்கலே?" அதற்கு அவர் சொன்ன பதிலுக்காகத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

"குடிச்சா போகணும். போகணும்னா உன்னை எழுப்பணும். நீயே நாள் பூரா ஓடறே. அதான் நாக்கை மட்டும் நனைச்சுக்கிட்டேன்."

அவருக்கு மறதி இல்லை. அறியாமையும் இல்லை. கணக்குப் போட்டுத்தான் தண்ணீரைக் குறைத்திருக்கிறார். இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் இந்த ஹாலில் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

இப்போது உடம்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வயதாகும்போது மூன்று விஷயங்கள் சேர்ந்து நடக்கின்றன. முதலாவது, உடம்பில் இருக்கும் தண்ணீரின் கையிருப்பே குறைகிறது. இளவயது ஆணின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் தண்ணீர். தசை குறையக் குறைய, முதுமையில் அது 50 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். சின்ன டேங்க் சீக்கிரம் காலியாகிறது, அவ்வளவுதான். இரண்டாவது, தாகம் மந்தமாகிவிடும். தண்ணீர் தேவை என்று மூளை அடிக்கும் மணி தாமதமாக அடிக்கிறது, மெதுவாக அடிக்கிறது. மூன்றாவது, சிறுநீரகத்தின் சிக்கனம் போய்விடுகிறது. இளவயதில் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் இழுத்துப் பிடித்து, சிறுநீரைக் கெட்டியாக்கி, மிச்சம் பிடிக்கும். வயதானால் அந்தத் திறமை குறைகிறது. குடிக்காவிட்டாலும் வெளியே போவது போய்க்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே "தாகம் எடுத்தா குடிக்கப் போறேன்" என்பது நாற்பது வயதில் சரி. எழுபது வயதில் அதை நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது. மாத்திரைக்கு நேரம் வைத்திருக்கிறோம் அல்லவா, தண்ணீருக்கும் நேரம் வையுங்கள்.

எவ்வளவு குடிப்பது? மருத்துவ ஊட்டச்சத்துக்கான ஐரோப்பியச் சங்கம் மூத்தோருக்கென்றே ஓர் அளவு சொல்லியிருக்கிறது. பெண்கள் நாளுக்குக் குறைந்தது 1.6 லிட்டர், ஆண்கள் 2 லிட்டர் பானங்களாகக் குடிக்க வேண்டும். இது ஐரோப்பாக் குளிருக்குச் சொன்னது. நம் ஊர் மே மாதப் புழுக்கத்தில் இதை அடிமட்ட அளவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

லிட்டர் கணக்கு யாருக்கும் மனதில் நிற்காது. வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் டம்ளரில் எவ்வளவு பிடிக்கிறது என்று ஒரு தடவை அளந்து பாருங்கள். 200 மில்லி பிடிக்கும் என்றால் எட்டு டம்ளர் 1.6 லிட்டர், பத்து டம்ளர் 2 லிட்டர். எங்கள் வீட்டில் இப்போது நடக்கும் கணக்கு இது:

காலை எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், 200. காபி 150. டிபனோடும் மாத்திரையோடும் ஒரு டம்ளர், 200. பதினொரு மணிக்கு நீர்மோர் 200. மதியச் சாப்பாட்டோடு 200. மூன்று மணிக்குத் தண்ணீர் 200. நாலரைக்கு டீ 150. கீழே நடந்துவிட்டு வந்ததும் 200. ஏழரை மணிச் சாப்பாட்டோடு 150. கூட்டிப் பாருங்கள், 1,650 மில்லி வருகிறது. ஒரு தடவைகூட மடக்கு மடக்காகத் திணிக்கவில்லை. முக்கால்வாசிக்கு மேல் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடுகிறது. இரவில் மாத்திரைக்கு இரண்டு வாய் போதும்.

காபியும் டீயும் கணக்கில் வருமா என்று கேட்பீர்கள். வரும். நாம் குடிக்கும் அளவில் அவை உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு போவதில்லை. ரசம், கஞ்சி, நீராகாரம், மோர் எல்லாமே கணக்குத்தான். வெள்ளரிக்காய், தர்பூசணி, நுங்கு இவற்றில் பெரும்பகுதி தண்ணீர். வெந்த சோற்றிலேயே மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அதனால்தான், சாப்பாடு குறைந்த பெரியவருக்குத் தண்ணீரும் குறைந்துவிடுகிறது என்று சொல்கிறேன். "அப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடலே" என்றால் தண்ணீரையும் சேர்த்துக் கவனியுங்கள்.

அடுத்து, யார் இந்த எட்டு டம்ளர் கணக்கைப் பின்பற்றக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். இருதயம் பலவீனமாகிக் கால் வீங்குகிறவர்கள், சிறுநீரக நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ரத்தத்தில் சோடியம் குறைந்து ஒரு தடவையாவது அட்மிட் ஆனவர்கள். உங்களுக்கு உங்கள் டாக்டர் சொன்ன அளவுதான் அளவு. நான் சொன்னதைக் கேட்டு ஒரு டம்ளர்கூடக் கூட்ட வேண்டாம். டாக்டர் அளவே சொல்லவில்லை என்றால், அடுத்த தடவை போகும்போது, "நாளுக்கு எத்தனை டம்ளர்?" என்று நேராகக் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள்.

இளநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் சில பி.பி. மாத்திரைகள், இருதய மாத்திரைகள் எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தினம் ஒன்று என்று பழக வேண்டாம். நீர்மோரில் உப்பையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை டப்பாவையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பெயரின் கடைசியில் "எச்" என்று முடியும் பல பி.பி. மாத்திரைகளில் சிறுநீரைக் கூட்டும் மருந்து சேர்ந்திருக்கிறது. ஃபுரோசமைடு, டார்செமைடு, குளோர்தாலிடோன் இவையும் அந்த வகைதான். டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளும் சிறுநீர் வழியே சர்க்கரையோடு தண்ணீரையும் வெளியேற்றும். இவை எல்லாம் தேவையான மருந்துகள். நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆனால் வாந்தி, பேதி, காய்ச்சல் வந்த அன்று டாக்டருக்கு ஒரு போன் போட்டு, "இன்னிக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கலாமா?" என்று கேட்க வேண்டும். நான் அந்த போனைப் போடவில்லை. என் அத்தையின் மாத்திரை "எச்" மாத்திரை.

பேதி வந்தால் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் போகிறது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். 1971-இல் வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார். அந்தத் தண்ணீர்தான் இது. சர்க்கரை நோயாளிகளும் பேதியின்போது குடிக்கலாம். சர்க்கரை அளவை மட்டும் அடிக்கடி பாருங்கள்.

ஓ.ஆர்.எஸ். விஷயத்தில் நடக்கும் தவறு, ஒரு ஸ்பூன் பொடியை எடுத்து டம்ளரில் போட்டுக் கலக்குவது. அப்படிச் செய்யாதீர்கள். பெரிய பாக்கெட் என்றால் முழுப் பொடியும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சின்ன பாக்கெட் என்றால் அதன் மேல் போட்டிருக்கும் அளவு. கலந்ததை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் எல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பாக்கெட் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும்.

வற்றிப்போயிருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கையைக் கிள்ளித் தோலைப் பார்ப்பது, நாக்கைப் பார்ப்பது எல்லாம் வயதானவர்களிடம் நம்பத் தகுந்தவை அல்ல. சிறுநீரின் நிறமும் அப்படித்தான். அடர் மஞ்சளாக இருந்தால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வெளிறி இருப்பதால் எல்லாம் சரி என்று இருந்துவிட முடியாது. நான் பார்க்கச் சொல்வது நடத்தையை. எழுந்து நிற்கும்போது தலைசுற்றல். திடீர்ச் சோர்வு. இரண்டு நாளில் ஒரு கிலோ எடை இறங்குவது. ஒரு கிலோ என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேல், திடீரென வரும் குழப்பம்.

மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக வரும். நேற்று வரை சரியாக இருந்தவர் இன்று ஆள் மாற்றிக் கூப்பிடுகிறார், காலையில் தெளிவு, இரவில் குழப்பம் என்றால், அது முதுமை இல்லை. உடம்பில் ஏதோ நடக்கிறது. தண்ணீர் வற்றியிருக்கலாம், சிறுநீர்த் தொற்று இருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடம்கூடக் காத்திராமல் 108. மயக்கத்தில் இருப்பவர் வாயில் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். படுத்தபடி இருக்கும் பெரியவருக்கும் நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். குடிக்கும்போதெல்லாம் புரையேறுகிறது என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது மறுபடி என் அத்தையின் பதிலுக்கு வருகிறேன். "குடிச்சா போகணும்." இதற்கு வழி செய்யாமல் "குடி குடி" என்று சொல்வது வெறும் நச்சரிப்பு. நாங்கள் செய்தது இவ்வளவுதான். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி விளக்கு. பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பி. வழியில் இருந்த மிதியடியை எடுத்தோம். கட்டிலருகே ஒரு கமோட் நாற்காலி. முதலில் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. சாயங்காலம் காலைத் தூக்கி வைத்து ஒரு மணி நேரம் சாய்ந்திருப்பார். பகலெல்லாம் காலில் இறங்கி நிற்கும் நீர் படுத்த பிறகு சிறுநீராக வரும். அதை முன்கூட்டியே வரவழைத்துவிட்டால் இரவில் எழுவது ஒரு தடவையாவது குறைகிறது.

அடக்க முடியவில்லை, இருமினால் கசிகிறது, ப்ராஸ்டேட் தொந்தரவு என்று இருப்பவர்கள் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வைத்தியம் இருக்கிறது. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி, பையை எரிச்சல்படுத்தி, அவசரம் இன்னும் கூடலாம்.

கடைசியாக, சங்கத்திடம் மூன்று கோரிக்கைகள்.

ஒன்று. இந்த ஹாலை ஒட்டித் தரைத்தளத்தில் ஒரு கழிவறை இருக்கிறது. பூட்டித்தான் இருக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார். சாயங்காலம் கீழே வந்து உட்காரும் பெரியவர்கள் மூன்று மணியிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள் என்பதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மேலே போய் வர லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும், அதற்குப் பயம். காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை அதைத் திறந்து வையுங்கள். ஒரு கைப்பிடிக் கம்பி, நல்ல விளக்கு, ஈரமில்லாத தரை. பெயின்ட் அடிக்க ஒதுக்கிய பணத்தில் மூலையில் கொஞ்சம் போதும்.

இரண்டு. கேட்டில் நிற்கும் நம் செக்யூரிட்டி ஐயாக்களில் இரண்டு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பன்னிரண்டு மணி நேரம் தகரக் கூரையின் கீழ் நிற்கிறார்கள். தண்ணீர் கேன் வைத்திருக்கிறோம், சரி. ஆனால் அவர்கள் கழிவறைக்குப் போனால், "கேட்டில் ஆள் இல்லை" என்று குரூப்பில் போட்டோ போடுகிறோம். அப்புறம் அவர்கள் எப்படிக் குடிப்பார்கள்? மாற்றி நிற்க ஏற்பாடு செய்யுங்கள். போட்டோ போடுவதை நாமும் நிறுத்துவோம்.

மூன்று. தனியாக இருக்கும் பெரியவர்கள் நம் மூன்று பிளாக்கிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். வெயில் மாதங்களில் பக்கத்து ஃபிளாட்காரர் பதினொரு மணிக்கு ஒரு தடவை கதவைத் தட்டட்டும். "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்க வேண்டாம். எல்லோரும் "ஆச்சு" என்றுதான் சொல்வார்கள். இரண்டு டம்ளர் மோர் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு. உட்கார்ந்து சேர்ந்து குடியுங்கள். துணையோடு குடிக்கும்போது டம்ளர் காலியாகிவிடும், இது என் வார்டு அனுபவம்.

அத்தை அதன் பிறகு நான்கு வருடங்கள் எங்களோடு இருந்தார். இரவில் எப்போதாவது என்னை எழுப்புவார். எழுப்பும்போதெல்லாம், "தூக்கத்தைக் கெடுத்துட்டேன்" என்பார். "கெடுங்க அத்தை, பரவாயில்லை" என்பேன். வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் அந்த ஒரு வாக்கியத்தை இன்று இரவே சொல்லிவிடுங்கள். தண்ணீரைப் பிறகு வைக்கலாம்.

மேஜையில் மோர் இருக்கிறது. கழிவறைச் சாவியை இன்றைக்கு மட்டும் நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். தைரியமாகக் குடியுங்கள்.